அகவணியும் அயற்பொருளும்

நமது உயிரியற் பாடநூல்களிலே பயிலும் சொற்களுள் 'அகவணி' என்பதும் ஒன்று. குருதிக் கலன்களின் உட்புறத்தே ஒரே படையாக, ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் மெல்லிய கலங்களின் தொகுதிக்கு அது பெயர். அகத்தே அமைந்த அணி அகவணி. அணி என்பதற்கு வரிசை என்றும் பொருளுண்டு. ஆபரணம் என்றும் பொருளுண்டு. படை வகுத்து நிற்றலும் அணி. பூண்டு பொலிதலும் அணி. இச்சொல்லை ஆக்கியோர் எப்பொருளைக் கருதி ஆக்கினரோ அறியோம். இரு பொருளும் இதற்குப் பொருந்துவனவாயின.

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் குருதிக் கலன்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வாராய்ச்சியின் நடுவே ஒரு கவிஞர் நிற்கிறார். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம். அன்றியும், ஒரு துறையின் பொருளை நமது மொழியிற் சொல்லிப் பார்த்தாலன்றி அத்துறை நமக்கு உரியதாகாது. இழையப் பொறியியல் என இன்று வழங்கும் துறையிலே, அகவணிக் கலங்களும் மனிதன் செய்த அயற்பொருள்களும் எவ்வாறு பழகுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அகவணியின் தொழில்

குருதியை ஒரு கண்ணாடிக் குழாயில் ஏந்தி வைத்தாற் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அதே குருதி உடலினுள்ளே எழுபது, எண்பது ஆண்டுகள் உறையாது ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணமாய் நிற்பது அகவணியே. உடலிலுள்ள அகவணிக் கலங்கள் அனைத்தையும் ஒன்றுதிரட்டி நிறுப்பின் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் இருக்கும் என்பர். ஈரலைப் போல ஓரிடத்திற் குவிந்து கிடவாமல், இதயத்தின் உள்ளறை தொடங்கி மயிர்க்கலன்களின் நுனிவரை பரந்து கிடத்தலின், நெடுங்காலம் இஃது ஓர் உறுப்பென மதிக்கப்படவில்லை. சுவருக்குப் பூசிய சாந்து என்றே எண்ணப்பட்டது.

அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிற் பணியாற்றிய றொபேட் பேர்ச்கொட் என்பவர் முதன்மையானவர். அசற்றைல்கோலின் என்னும் பொருள் முயலின் பெருநாடித் துண்டை ஒருகாற் சுருங்கச் செய்தது. ஒருகாற் தளரச் செய்தது. ஒரே பொருள் இருவேறு விளைவு தருவதற்குக் காரணம் யாது? துண்டை அறுத்து ஆயத்தஞ் செய்யும்போது உட்புறம் உராய்ந்தால் அகவணி அழிந்துவிடும். அகவணி அழிந்த துண்டு சுருங்கியது. அழியாத துண்டு தளர்ந்தது. எனவே அகவணி அயலிலுள்ள தசைக்கு ஏதோ ஒரு செய்தியை அனுப்புகின்றது என்று அவர் 1980இல் வெளியிட்டார். அச்செய்தியைத் தாங்கிச் செல்வது நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் எளிய வாயு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இதற்காக 1998இல் பேர்ச்கொட், இக்னாறோ, முறாட் என்னும் மூவருக்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

நைத்திரிக் ஒட்சைட்டு தசையைத் தளர்த்துவதோடு, குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்ளாதவாறும் தடுக்கும். 1976இற் கண்டறியப்பட்ட புறொஸ்ராசைக்கிளின் என்னும் மற்றொரு பொருளையும் அகவணி சுரந்து இத்தொழிலுக்குத் துணைசெய்கிறது. குருதியை உறையச் செய்வதில் முதன்மையானது திரோம்பின் என்னும் நொதியம். அகவணியின் மேலுள்ள ஒரு புரதம் அத்திரோம்பினையே பற்றிக்கொண்டு, உறைதலைத் தடுக்கும் தொழிலில் அதனை ஏவுகிறது. பகைவனைப் பிடித்துக் காவலனாக்குவது போன்ற செயல் இது.

ஆயின் கலன் காயமுற்றபோது இதே அகவணி குருதியை உறையச் செய்யும் பொருள்களையும் வெளிவிடும். வெண்குழியங்களைக் கைகாட்டி அழைக்கும். அமைதியைக் காப்பதும் அதுவே. போர்ப்பறை அறைவதும் அதுவே. இதனை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

துணியாலாகிய நாடி

பழுதடைந்த நாடிக்கு மாற்றாக வேறொரு குழாயை வைத்துத் தைக்கும் எண்ணம் புதியதன்று. கலன்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்த அலெக்சிஸ் கறல் 1912இல் நொபெல் பரிசு பெற்றார். தைக்கும் முறை கிடைத்தது. தைப்பதற்குக் குழாய் கிடைக்கவில்லை.

1947இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே ஆதர் வூறிஸ் என்னும் இளஞ் சத்திர வைத்தியர், நாயொன்றின் இதயத்தினுள்ளே முன்பு தங்கிவிட்ட பட்டுநூல் ஒன்றைக் கண்டார். அந்நூலின்மேல் மினுமினுப்பான ஒரு மென்படலம் படர்ந்திருந்தது. உடல் அயற்பொருளின்மேல் தன் போர்வையைத் தானே போர்த்துமாயின், நூலுக்குப் பதிலாக நெய்த துணியையே குழாயாக வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். முதலிற் பட்டுக் கைக்குட்டை ஒன்றைக் குழாயாகத் தைத்துப் பார்த்தார் என்பர். பின்னர் வினியோன் என்னும் செயற்கை நூற்றுணியை நாய்களிற் பொருத்திக் கண்ட பயனை, தம் துணைவரோடு 1952இல் வெளியிட்டார். அடுத்து மைக்கேல் டிபேக்கி என்னும் புகழ்பெற்ற வைத்தியர் ஹூஸ்ரன் நகரக் கடையொன்றில் வாங்கிய டக்றோன் துணியை, வீட்டுத் தையற் பொறியிலே குழாயாகத் தைத்து, 1954இல் நோயாளருக்குப் பயன்படுத்தினார். இன்றும் பெருநாடிக்கு மாற்றாக வைக்கப்படுவது பெரும்பாலும் டக்றோனே.

பெரிய கலன்களில் வெற்றி கிடைத்தது. குருதி அங்கே விரைந்து பாய்தலின் சிறிது படிந்தாலும் வழி அடைபடுவதில்லை. ஆறு மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுடைய குழாய்களிலோ கதை வேறு. அங்கே டக்றோனும், துளைகள் நிறையுமாறு விரித்த டெப்லோனும் உறைந்த குருதியால் அடைபடுகின்றன. அன்றேல், தைத்த இடத்திலே தசைக்கலங்கள் மிகையாகப் பெருகி வழியைக் குறுக்குகின்றன. இதயத்துக்கு உணவூட்டும் முடியுரு நாடிகளின் விட்டமோ மூன்று, நான்கு மில்லிமீற்றரே.

ஆதலின் 1967இல் றெனே பவலோறோ காட்டிய நெறியைப் பின்பற்றி, நோயாளரின் காலிலிருந்து நாளம் ஒன்றை எடுத்து இதயத்தில் வைத்துத் தைக்கின்றனர். அந்நாளங்களுள் ஏறத்தாழ அரைவாசி பத்தாண்டுகளில் அடைபட்டுப்போவன. மார்பின் உட்புற நாடியைத் திருப்பிப் பொருத்துவது இதனினும் மிக நீடித்து நிற்கும். அதன் அகவணி நன்னிலையில் இருத்தலும் நைத்திரிக் ஒட்சைட்டை மிகுதியாகச் சுரத்தலும் அதற்குரிய காரணங்களுட் சில. எடுப்பதற்கு நல்ல நாளமே இல்லாதவர் செய்வது யாது? நீரிழிவினாற் காலின் நாடிகள் அடைபட்டவரும், சிறுநீரகம் செயலிழந்து வாரந்தோறும் ஊசி ஏற்றுதற்கு ஒரு கலனை நம்பியிருப்பவரும் இவ்வினாவுக்கு விடை வேண்டிக் காத்திருக்கின்றனர். ஒரு காலையோ ஓர் உயிரையோ சிறுகுழாய் ஒன்று காத்தலும் கூடும், கைவிடுதலும் கூடும்.

வூறிஸ் கண்ட மென்படலம் இவர்களுக்கு ஏன் உதவவில்லை? நாய் முதலிய விலங்குகளிலே அகவணி செயற்குழாய் முழுவதும் படர்வதுண்டு. மனிதரிலோ தைத்த விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மட்டும் ஊர்ந்து சென்று நின்றுவிடுகிறது. ஆண்டுகள் பல கடந்தும் குழாயின் நடுப்பகுதி வெறுமையாகவே கிடக்கும். விலங்கிற் கண்ட வெற்றி மனிதரிற் கைகூடாமைக்கு இஃதொரு பெருங் காரணமாயிற்று.

கவிஞர் கண்ட உண்மை

இங்கேதான் நாம் முன்னர்ச் சுட்டிய கவிஞர் வருகிறார். லியோ விறோமான் 1915இல் ஒல்லாந்து நாட்டிலே பிறந்தவர். 1940இல் செருமானியப் படை நாட்டினுட் புகுந்தபோது படகேறி இங்கிலாந்துக்குத் தப்பினார். பின்னர்க் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று பத்தாவியாவிலே தம் படிப்பை முடித்தார். அங்கும் போர் தொடர்ந்தது. யப்பானியரின் கைதியாகச் சிறையிருந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று குருதி ஆராய்ச்சியில் அமர்ந்தார். 1940இல் விட்டுப் பிரிந்த காதலியை 1947இலேதான் நியூயோர்க்கிற் கண்டு மணந்தார். ஒல்லாந்த மொழியின் பெருங்கவிஞருள் ஒருவராகிய அவருக்கு 1964இல் அந்நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய ஹோவ்ற் பரிசு கிடைத்தது. 2014இல், தொண்ணூற்றெட்டு வயதில் மறைந்தார்.

குருதி ஓர் அயற்பொருளைத் தொட்ட முதற்கணத்தில் நிகழ்வது என்ன என்பதே விறோமான் எழுப்பிய வினா. கலங்கள் வந்து ஒட்டுகின்றன என்று நாம் எண்ணுவோம். உண்மை அஃதன்று. கலங்கள் வருமுன்னரே குருதியிற் கரைந்துள்ள புரதங்கள் அப்பொருளின்மேற் படிந்துவிடுகின்றன. அவ்வாறு படிந்தவையும் அப்படியே இருப்பதில்லை. எண்ணிக்கையில் மிகுந்து விரைந்து வரும் அல்புமின் முதலியவை முதலில் இடம் பிடிக்கின்றன. பின்னர், சற்றுத் தாமதித்து வரினும் இறுகப் பற்றவல்ல வேறு புரதங்கள் அவற்றைப் பெயர்த்துவிட்டு அவ்விடத்தில் அமர்கின்றன. குருதியை உறையச் செய்யும் பைபிரினோசன் வந்து படிந்து, சில நிமிடங்களில் அதுவும் மற்றொன்றுக்கு இடம்விட்டு விலகுதலை அவர் கண்ணாடியின்மேற் கண்டார். இவ்விடமாற்றம் இன்று 'விறோமான் விளைவு' என அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்வுண்மையிலிருந்து பெறப்படுவது யாது? அகவணிக் கலம் அயற்பொருளை ஒருபோதும் நேரே தொடுவதில்லை. அது தொடுவது அப்பொருளின்மேல் விரிந்த புரதப் பாயையே. வீட்டுக்கு வந்தவர் விரித்த பாயிலமர்ந்து அவ்வீட்டின் தன்மையை அறிவதுபோல, கலமும் அப்பாயைக் கொண்டே பொருளின் தன்மையை அறிகின்றது. நீரை வெறுக்கும் பரப்பில் வீழ்ந்த புரதம் தன் மடிப்புக் குலைந்து உருமாறிப் படியும். உருமாறிய பைபிரினோசனைக் கண்டதும் சிறுதட்டுக்கள் பாய்ந்து பற்றும், உறைதல் தொடங்கும். முதற்கோணல் முற்றுங் கோணலாய் முடியும்.

ஆயின் புரதமே படியாத பரப்பைச் செய்தால் என்ன? அத்தகைய பொருள்களையும் செய்து பார்த்தனர். சிறுதட்டுக்கள் ஒட்டவில்லை, அகவணியும் ஒட்டவில்லை. கதவை முற்றாகச் சாத்தினாற் கள்வரும் வாரார், விருந்தினரும் வாரார்.

அழைப்பின் சொல்

கலம் அப்பாயைப் பற்றுவது எவ்வாறு? கலத்தின் உறையிலே இன்ரகிறின் எனப்படும் பிடிகள் உள. அவை புரதத்தின் எப்பகுதியைப் பற்றுகின்றன என ஆராய்ந்த பியர்ஸ்பாக்கர், றுவோஸ்லாதி என்னும் இருவர் 1984இல் வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டனர். பைபிறோநெக்ரின் என்னும் புரதம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த நெடிய மாலை. அதனுள் ஆர்கினின், கிளைசின், அஸ்பாற்றிக் அமிலம் என்னும் மூன்று அடுத்தடுத்து நிற்கும் இடமே கலத்தைப் பிடித்து நிறுத்துவது. பெருநூலொன்றின் கருத்தை மூன்றெழுத்துச் சொல்லொன்று தாங்குவது போன்றது இது. மூன்றாவதாகிய அஸ்பாற்றிக் அமிலத்துக்குப் பதிலாக, அதனை மிகவொத்த குளுற்றாமிக் அமிலத்தை வைத்தாற் கலம் பற்றுவதில்லை. ஓரெழுத்து மாறினும் பொருள் கெடும் என்பது மொழிக்கு மட்டும் உரிய விதியன்று போலும்.

இச்சொல்லைச் செயற்கைப் பொருளின்மேற் பொறித்துவிட்டால் அகவணி வந்து தங்கும் அன்றோ? தங்கியது, ஆயின் அதே சொல்லைச் சிறுதட்டுக்களும் அறியும், தசைக்கலங்களும் அறியும். பொதுவாக விடுத்த அழைப்புக்கு எல்லாரும் வந்தனர். ஆதலின் அகவணிக்கு மட்டும் விளங்கும் சொல்லொன்றைத் தேடலாயினர். ஜெப்றி ஹபெல் என்பவரும் அவர் துணைவரும் 1991இல் நான்கு அமினோ அமிலங்களாலாகிய மற்றொரு தொடரைக் காட்டினர். ஆர்கினின், குளுற்றாமிக் அமிலம், அஸ்பாற்றிக் அமிலம், வலைன் என்பன முறையே நிற்கும் அத்தொடரை அகவணிக் கலங்கள் பற்றின. சிறுதட்டுக்களும் தசைக்கலங்களும் பற்றவில்லை. அன்றுதொட்டு, அனைவரையும் விலக்கும் பொருளைத் தேடுவதோடு அமையாமல், உரியவரை மட்டும் அழைக்கும் பொருளைத் தேடுவதும் இத்துறையின் நோக்கமாயிற்று.

நாற்றும் வயலும்

அழைத்துக் காத்திராமல், கலங்களை முன்னரே நாற்றுப்போல வளர்த்து நட்டுவிடலாமே என்று எண்ணியோரும் உளர். 1973இல் எறிக் ஜஃபி முதலியோர் மனிதக் கொப்பூழ்க்கொடியின் நாளத்திலிருந்து அகவணிக் கலங்களைப் பிரித்து ஆய்கூடத்தில் வளர்த்தனர். குழந்தை பிறந்தபின் எறியப்படும் கொடி, அகவணி ஆராய்ச்சிக்கே தாய்நிலமாயிற்று. 1978இல் மல்கம் ஹெறிங் என்னும் வைத்தியர், விலங்கின் நாளத்திலிருந்து எடுத்த கலங்களைச் செயற்குழாயிலே தூவிப் பொருத்தினார்.

தூவியவை நிலைக்கவில்லை. குருதியோட்டம் தொடங்கியதும் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. குருதி கலன்சுவரின்மேல் எந்நேரமும் உராய்ந்து இழுத்துக்கொண்டே செல்கிறது. இயற்கையான அகவணி இவ்விழுப்பை உணர்ந்து, ஓட்டத்தின் திசையிலே நீண்டு, காலூன்றி நிற்கும். அசைவற்ற கிண்ணத்தில் வளர்ந்த கலத்துக்கு அப்பயிற்சி இல்லை. வியன்னா நகரத்தவர் 1989 முதல் இதற்கொரு வழி கண்டனர். நோயாளரின் நாளத்துண்டிலிருந்து கலங்களைப் பிரித்து, வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கி, பைபிரின் பசை பூசிய டெப்லோன் குழாயினுள்ளே நெருக்கமாகப் படியவைத்துக் காலிற் பொருத்தினர். இவை வெறுங்குழாயினும் நெடுங்காலம் திறந்திருந்தன. அகவணி இருப்பின் செயற்குழாயும் வாழும் என்பது மனிதரிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆயின் மாரடைப்புற்றுக் கிடப்பவர் கலம் வளரும்வரை வாரக்கணக்கிற் காத்திருத்தல் இயலுமா? அதனால் இம்முறை பரவலாக வழங்கவில்லை.

இன்னுமொரு பாடத்தை இதய நாடியில் வைக்கும் வலைக்குழாய்கள் கற்பித்தன. மனிதரில் முதன்முதல் 1986இல் வைக்கப்பட்ட அவ்வுலோக வலைகள், தசைக்கலங்களின் பெருக்கத்தால் மீண்டும் குறுகின. அதனைத் தடுக்க மருந்து பூசிய வலைகள் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வழக்குக்கு வந்தன. மருந்து தசைக்கலங்களை அடக்கியது. கூடவே அகவணியையும் அடக்கியது. போர்வையின்றிக் கிடந்த உலோகத்தில், மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் திடீரெனக் குருதி உறைதல் சிலரில் நேர்ந்தது. 2006இல் இஃது உலகெங்கும் பேசப்பட்டது. பின்வந்த வலைகள் திருத்தி அமைக்கப்பட்டன. பகையை அடக்கும்போது உறவையும் அடக்கிவிடலாகாது என்பது அதனாற் பெற்ற பாடம்.

மேலும், அகவணி இருத்தல் மட்டும் போதாது. அமைதியாய் இருத்தல் வேண்டும். ஒவ்வாத பொருளின்மேல் அமர்ந்த அகவணி, காயமுற்ற கலனிற்போலவே குருதியை உறையத் தூண்டும்; வெண்குழியங்களை அழைக்கும். நுணுக்குக்காட்டியின் கீழே பரப்பு முழுவதும் கலங்கள் நிறைந்திருத்தலைக் கண்டு மகிழ்ந்தோர் பின்னர் ஏமாற்றமடைந்ததுண்டு. வகுப்பறை நிறைந்திருத்தல் வேறு. பாடம் நடத்தல் வேறு.

உடல் தானே கட்டும் வீடு

அயற்பொருள் என்றென்றும் அயற்பொருளாகவே இருக்கவேண்டுமா? இதுவே அடுத்து எழுந்த வினா. கட்டடம் எழும்வரை நின்று, எழுந்தபின் கழற்றப்படும் சாரத்தைப்போல, காலப்போக்கிற் கரைந்துபோகும் பொருளாற் குழாய் செய்யின், உடல் தன் சுவரைத் தானே கட்டிக்கொள்ளுமன்றோ? 1999இல் லோறா நிக்லசன் முதலியோர், கரையும் நார்க்குழாயிலே கலங்களை நட்டு, இதயத்துடிப்புப் போன்ற அசைவைக் கொடுத்து, ஆய்கூடத்திலேயே நாடி வளர்த்துப் பன்றிகளிற் பொருத்தினர். அதே ஆண்டு மே மாதத்தில் யப்பானிய வைத்தியர் ஷினோக்கா முதலியோர், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் நாளத்திலிருந்து எடுத்த கலங்களைக் கரையும் குழாயில் வளர்த்து, அடைபட்ட அவளது நுரையீரல் நாடிக்கு மாற்றாக வைத்தனர்.

நட்ட கலங்களே சுவராயின என்று எல்லாரும் எண்ணினர். 2010இல் எலிகளிற் செய்த ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. நட்ட கலங்கள் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. மறையுமுன் அவை விடுத்த செய்தியாற் குருதியிலுள்ள வெண்குழியங்கள் அங்கே திரள்கின்றன. அவற்றின் தூண்டுதலால் அயற்கலனிலிருந்து அகவணியும் தசையும் வந்து குடியேறுகின்றன. நட்டவை குடியேற வந்தவையல்ல. ஊரை அழைத்துவிட்டுப் போக வந்தவை.

2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் ஒப்புதலளித்த ஆறு மில்லிமீற்றர்க் குழாயும் இவ்வழியிற் பிறந்ததே. மனிதக் கலங்களைக் கரையும் சாரத்தில் வளர்த்து, அவை நெய்த கொலாஜன் சுவரை வைத்துக்கொண்டு, கலங்களை முற்றாகக் கழுவி நீக்கிவிடுகின்றனர். யாருடைய கலமும் அதில் இல்லாமையின் யாருக்கும் பொருத்தலாம். முன்னரே செய்து வைத்திருக்கலாம். பொருத்தியபின் அந்நோயாளரின் கலங்களே அதிற் குடிபுகுகின்றன. கை கால்களின் நாடி சிதைந்து, உடனே குருதியோட்டத்தை மீட்கவேண்டிய நிலையில், தம் நாளத்தைப் பயன்படுத்த இயலாத வளர்ந்தோருக்கென்றே இதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2022இல் உக்கிரைன் நாட்டுப் போரிற் காயமுற்றோருக்கும் இது பயன்படுத்தப்பட்டது. குருதி உறைதலும் தையல் நெகிழ்தலும் நேரக்கூடும் என்ற எச்சரிக்கை இதற்கும் உண்டு. இதயத்தின் மூன்று மில்லிமீற்றர் நாடிக்கு ஏற்ற செயற்குழாய் இன்னும் ஆராய்ச்சிப் பொருளாகவே உளது.

ஈரல், இதயத்தசை முதலிய தடித்த இழையங்களை ஆய்கூடத்தில் ஆக்குவோருக்கும் அகவணியே தடையாகவும் வாயிலாகவும் நிற்கிறது. மயிர்க்கலனிலிருந்து மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, இரு பங்கு தூரத்துக்கு அப்பாலுள்ள கலத்துக்கு ஒட்சிசன் எட்டாது. கலன்கள் ஊடுருவாத இழையம் எத்துணை நேர்த்தியாக அமைந்தாலும் நடுவிலே மடிந்துபோகும். வாய்க்காலில்லாத வயலில் வரம்போரம் மட்டுமே பயிர் நிற்கும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். உடல் அறியாதவாறு அதனுட் புகுந்து கிடக்கவல்ல பொருளையே முதலிற் தேடினர். அத்தகைய பொருள் கிடைக்கவில்லை. குருதி தொட்ட கணத்திலேயே உடல் அறிந்துவிடுகிறது என்பதை ஒரு கவிஞர் காட்டினார். அதன்பின், உடல் அறிந்து ஏற்றுக்கொள்ளும் பொருள் யாது என்று வினவத் தொடங்கினர். அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியது அகவணியே. அஃது அணியாய் நின்று காக்கும் இடத்தில் அயற்பொருள் உறவாகும். அது விலகிய இடத்திற் சொந்தக் குருதியே பகையாகும். துணிக்குழாயின் நடுவே வெறுமையாய்க் கிடக்கும் அச்சில சென்ரிமீற்றரை அகவணி நடந்து கடக்கும் நாளே, காலில் நாளமற்றுக் காத்திருப்பவருக்கு நன்னாள்.